கழுவிப் பாவிக்கும் எயார் பில்டர்: ஒயில் பூசியதா, உலர்ந்ததா?

கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் எயார் பில்டர் பேச்சு எப்படியாவது வந்துவிடும். கழுவிப் பாவிக்கும் பில்டர் போட்டபிறகு பெற்றோல் மிச்சம் என்பார் ஒருவர். ஒயில் பூசிய பில்டர் சென்சரைக் கெடுத்துவிடும், கிட்டவும் போகாதே என்பார் இன்னொருவர். கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைக்காரர் இரண்டு வகையையும் மேசையில் எடுத்து வைத்து, "இதைப் போட்டா பிக்கப் கூடும் அண்ணன், ஆயுசுக்கும் மாத்தத் தேவையில்ல" என்பார்.

இவர்கள் சொல்வதில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் பில்டரின் முதல் வேலை தூசியை மறிப்பது என்பதை எல்லாருமே ஓரமாக வைத்துவிட்டுப் பேசுகிறார்கள். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. திறந்த பிறகும் புதுக் காரின் விலை பெரும்பாலானோருக்கு எட்டாத உயரத்தில். இருக்கிற எஞ்சினை இன்னும் பல வருடம் ஓட்டவேண்டிய நிலையில் இருப்பவர்கள், பிக்கப்பைப் பற்றி யோசிக்குமுன் தூசியைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். காருக்குள் ஏசி காற்றை வடிப்பது ஏசி பில்டர். எஞ்சின் ஒயிலை வடிப்பது ஒயில் பில்டர். நாம் பேசுவது எஞ்சினுக்குள் போகும் காற்றை வடிக்கும் எயார் பில்டரைப் பற்றி மட்டும். பொனற்றைத் திறந்தால் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி ஒன்று தெரியும்; கிளிப்பைக் கழற்றினால் அதற்குள் இருப்பதுதான் இது.

எஞ்சின் இழுக்கும் காற்று

பெற்றோல் எஞ்சினில் ஒரு பங்கு பெற்றோல் முழுதாக எரிய, எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. அப்படியானால் அதற்குத் தேவையான காற்று 11 கிலோ; அளவில் பார்த்தால் 9,000 லீற்றருக்கும் மேல். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் கார் ஒரு வழிப் பயணத்திலேயே இரண்டரை இலட்சம் லீற்றர் அளவு காற்றை இழுத்துவிடும். காலி வீதியில் முன்னால் போகும் பஸ்ஸின் கரிப்புகை, கட்டட வேலை நடக்கும் ஒழுங்கைகளின் சீமெந்துத் தூள், ஏ9 வீதியோரத்துப் புழுதி எல்லாம் அந்தக் காற்றோடு சேர்ந்தே வரும்.

தூசியை அளக்கும் அலகு மைக்ரோன். ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிர் ஒன்றின் தடிப்பு 70 மைக்ரோன் அளவில் இருக்கும். எஞ்சினுக்குள் பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருக்கும் ஒயில் படலமோ சில மைக்ரோன்தான். அந்தப் படலத்தைவிடச் சற்றுப் பெரிய, 5 முதல் 20 மைக்ரோன் அளவான துணிக்கைகள் இடையில் மாட்டினால் இரண்டு பக்கத்தையும் உரசித் தேய்க்கும். வீதித் தூசியில் நிறைய இருக்கும் சிலிக்கா மணல் சாதாரண இரும்பைவிடக் கடினமானது. தேய்ந்த துகளும் மணலும் எஞ்சின் ஒயிலில் கலந்து பெயரிங் வரை போகும். ஒயில் குறைதல், நீலப் புகை, இழுவைக் குறைவு என்று இதன் விளைவு வெளியே தெரிய வருடங்கள் ஆகும். தெரியவரும்போது எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. அதனால்தான் மட்டமான பில்டர் போட்டவரும் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று நம்பிக்கையோடு சொல்ல முடிகிறது.

தூசி எப்படிப் பிடிபடுகிறது

பில்டரில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், ஓட்டையைவிடப் பெரிய தூசி நின்றுவிடும், சிறியது போய்விடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உங்கள் குசினி ஜன்னலில் நுளம்புக்கு அடித்திருக்கும் நெட்டைப் பாருங்கள். அதன் கண் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றருக்குக் குறையாது. தூசியோ அதில் நூறில் ஒரு பங்கு. கண்ணுக்குள்ளால் தாராளமாகப் போயிருக்க வேண்டிய தூசி, சில மாதத்தில் நெட்டின் இழைகளில் ஒட்டி அதைக் கறுப்பாக்கிவிடுகிறது. படுக்கையறை ஜன்னல் நெட்டிலும் தூசி உண்டு. தட்டினால் பொலபொலவென்று கொட்டும். குசினி நெட்டைத் தட்டினால் ஒன்றும் கொட்டாது. தாளிக்கும்போது எழும் எண்ணெய் ஆவி இழைகளில் படிந்திருப்பதால் தூசி அதோடு சேர்ந்து பசையாகிவிட்டது. படுக்கையறை நெட் உலர் பில்டர். குசினி நெட் ஒயில் பூசிய பில்டர்.

இனி உள்ளே உண்மையில் நடப்பதைப் பார்ப்போம். காற்று ஓர் இழையைச் சந்திக்கும்போது வளைந்து சுற்றிக்கொண்டு போகும். பாரமான தூசி அவ்வளவு சட்டென்று வளைய முடியாமல் நேரே போய் இழையில் மோதும். நடுத்தரத் தூசி காற்றோடு சேர்ந்து வளைந்தாலும் இழையை ஒட்டிப் போகும்போது அதன் ஓரம் உரசிப் பிடிபடும். டீசல் கரி போன்ற மிக நுண்ணிய துகள்கள் காற்று மூலக்கூறுகள் இடிப்பதால் தாறுமாறாக அலைந்து, அந்த அலைச்சலில் எங்காவது இழையில் ஒட்டும். ஓட்டையின் அளவைப் போலவே இழை எவ்வளவு மெல்லியது, எத்தனை அடுக்கு, காற்று எத்தனை தடவை வளைய வேண்டியிருக்கிறது என்பவையும் பிடிப்பைத் தீர்மானிக்கின்றன.

பிடித்தால் மட்டும் போதாது, விடாமல் வைத்திருக்கவும் வேண்டும். எஞ்சின் காற்றை ஒரே சீராக இழுப்பதில்லை. துடித்துத் துடித்து இழுக்கும். குழியில் விழுந்து எழும்பும்போது பெட்டியே குலுங்கும். உலர்ந்த இழையில் ஒட்டிய தூசி அப்போது மறுபடி கழன்று உள்ளே போகலாம். ஒயில் பூசிய இழை விடாது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: தூசி இழையில் மோதியும் உரசியும் பிடிபடுகிறது. பிடித்ததை உலர் பில்டர் நெருக்கமான மெல்லிய இழைகளால் வைத்திருக்கிறது, ஒயில் பூசிய பில்டர் பசையால் வைத்திருக்கிறது.

மூன்று வகைப் பில்டர்கள்

காரோடு வரும் பில்டர் பெரும்பாலும் மடித்த பேப்பர். இழைகள் நெருக்கமானவை, மடிப்புகள் நிறைய இருப்பதால் பரப்பு அதிகம். தூசி சேரச் சேர, அந்தத் தூசிப் படையே இன்னொரு பில்டர் போல வேலை செய்யத் தொடங்கும். அதனால் கொஞ்சம் ஓடிய பேப்பர் பில்டர் புத்தம் புதியதைவிட நன்றாகத் தூசியைப் பிடிக்கும். கேட்க விசித்திரமாக இருந்தாலும் உண்மை இதுதான். கார் கையேடு சொல்லும் தவணையில் மாற்றினால் போதும்; அழுக்காகத் தெரிகிறதே என்று அவசரப்பட வேண்டியதில்லை.

ஒயில் பூசிய பில்டரில் பருத்தித் துணி பல அடுக்காகக் கம்பி வலைக்கு நடுவே மடிக்கப்பட்டிருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசித் துளைகள் தெரியும். பார்ப்பவருக்குப் பயமாகத்தான் இருக்கும். அந்த இடைவெளியை ஈடுசெய்வது ஒயில். 1969 இல் கலிபோர்னியாவில் தொடங்கிய கே அண்ட் என் நிறுவனத்தால் இந்த வகை உலகெங்கும் பிரபலமானது. பஞ்சுக்குப் பதிலாக ஒயில் ஊறிய ஸ்பொஞ்சு வைத்ததும் உண்டு. மோட்டார் சைக்கிள்களில் அதை நிறையக் காணலாம்.

உலர்ந்த, கழுவக்கூடிய பில்டரில் இருப்பது பொலியெஸ்ரர் போன்ற செயற்கை இழை. தண்ணீர் பட்டால் பேப்பர் போல ஊதிக் கிழியாது. ஒயில் இல்லாததால் இழைகளை இன்னும் மெல்லியதாகவும் நெருக்கமாகவும் அடுக்கியிருப்பார்கள்.

ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும்

பில்டர்களை ஒப்பிட ஐஎஸ்ஓ 5011 என்ற சர்வதேசச் சோதனைமுறை இருக்கிறது. அளவு தெரிந்த தூசியைக் காற்றில் கலந்து பில்டருக்குள் செலுத்தி மூன்றைப் பார்ப்பார்கள். தடை என்பது காற்றை இழுக்க எஞ்சின் படும் சிரமம். பிடிதிறன் என்பது நூறு பங்கு தூசியில் எத்தனை பங்கு நின்றது என்ற கணக்கு. கொள்ளளவு என்பது அடைபடுவதற்கு முன் எவ்வளவு தூசியைத் தாங்கும் என்பது. ஒரே அளவான பெட்டிக்குள், ஒரே பரப்பில், மூன்றையும் ஒன்றாக நன்றாக்க முடியாது. தடையைக் குறைக்க இழைகளைத் தளர்த்தினால் பிடிதிறன் இறங்கும். பிடிதிறனைக் கூட்ட நெருக்கினால் தடை ஏறும், சீக்கிரம் அடைபடும்.

விளம்பர அட்டையில் "98 சதவீதம்" என்று போட்டிருந்தால் நல்ல புள்ளி என்று நினைக்கத் தோன்றும். கணக்கை மறுபக்கமிருந்து பாருங்கள். 99 சதவீதம் பிடிக்கும் பில்டர் 100 கிராம் தூசியில் 1 கிராமை உள்ளே விடுகிறது. 98 சதவீதம் பிடிப்பது 2 கிராமை விடுகிறது. எஞ்சினுக்குள் போகும் மணல் இரண்டு மடங்கு. பில்டர் வாங்கும்போது எவ்வளவு பிடிக்கிறது என்று கேட்பதைவிட எவ்வளவு விடுகிறது என்று கேட்பதே சரி. அட்டையில் சோதனைமுறையின் பெயரே இல்லாமல் வெறும் சதவீதம் மட்டும் இருந்தால், அந்த எண்ணை நான் கணக்கில் எடுக்கமாட்டேன்.

பெற்றோல் மிச்சமாகுமா, பிக்கப் கூடுமா

பெற்றோல் மிச்சமாகாது. இதைத் தயக்கமில்லாமல் சொல்லலாம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் 2009 இல் இதைச் சோதித்துப் பார்த்தது. கம்பியூட்டரால் எரிபொருளைக் கட்டுப்படுத்தும் பெற்றோல் கார்களில், பில்டரை நன்றாக அடைத்து ஓட்டியபோதும் எரிபொருள் செலவில் குறிப்பிடும்படியான மாற்றம் இருக்கவில்லை. வேகம் எடுக்கும் நேரம்தான் 6 முதல் 11 சதவீதம் வரை கூடியது. கம்பியூட்டர் இல்லாமல் காபரேற்றரால் பெற்றோலைக் காற்றோடு கலக்கும் பழைய காரில் எரிபொருளும் 2 முதல் 6 சதவீதம் கூடுதலாகப் போனது.

காரணம் எளிது. அக்சிலரேற்றரை நீங்கள் மிதிக்கும்போது திறப்பது த்ரொட்டில் என்ற கதவு. பம்பலப்பிட்டி நெரிசலில் அந்தக் கதவு முக்கால்வாசி மூடித்தான் இருக்கும். எஞ்சினின் காற்றை அப்போது மறிப்பது அந்தக் கதவு. பில்டர் தரும் தடை அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. பில்டர் கொஞ்சம் அடைத்தால் நீங்கள் அறியாமலே காலை ஒரு நூல் கூடுதலாக மிதிப்பீர்கள், அவ்வளவுதான். உள்ளே போகும் காற்றை அளந்து அதற்கேற்றபடி கம்பியூட்டர் பெற்றோலை விடும். அடைத்த பில்டராலேயே செலவு கூடாதபோது, சுத்தமான பில்டரை எடுத்துவிட்டு இன்னொரு சுத்தமான பில்டரைப் போடுவதால் செலவு குறைய வழியில்லை.

பிக்கப்பைப் பொறுத்தவரை, த்ரொட்டில் முழுதாகத் திறந்து எஞ்சின் உச்சச் சுழற்சியில் ஓடும்போது தடை குறைந்த பில்டர் சிறிது உதவும். பந்தயக்காரர்கள் அதைத் தேடுவதில் நியாயம் உண்டு. தெற்கு அதிவேகப் பாதையில் ஏறும் சில விநாடிகளைத் தவிர நம்மில் யாருக்கு அந்த நிலை வருகிறது? புதுப் பில்டர் போட்டதும் சத்தம் கொஞ்சம் கரகரப்பாக மாறும். அந்தச் சத்தத்தைத்தான் பலர் பிக்கப் என்று உணர்கிறார்கள்.

பெட்டியையே கழற்றிவிட்டு வெறுமனே மாட்டும் கோன் பில்டரை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். பொனற்றுக்குள் இருக்கும் சூடான காற்றை அது இழுக்கும். மழை பெய்து ஆமர் வீதியில் தண்ணீர் நிற்கும் நாளில், தாழ்வாக மாட்டிய கோன் தண்ணீரை இழுத்தால் எஞ்சின் ஒரே நொடியில் உடைந்து நின்றுவிடும். காற்றை அழுத்தலாம், தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது.

சென்சர் பயம் எவ்வளவு உண்மை

டொயோட்டா அக்குவா, பிரியஸ் போன்ற பல கார்களில் பில்டர் பெட்டியை அடுத்தே காற்று அளக்கும் சென்சர் இருக்கிறது. கராஜில் மாஃப் சென்சர் என்பார்கள். அதற்குள் மின்சாரத்தால் சூடாக்கப்பட்ட மெல்லிய கம்பியோ படலமோ உண்டு. காற்று அதைக் குளிர்விக்கும். சூட்டைக் காப்பாற்ற எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கிறது என்பதை வைத்து எவ்வளவு காற்று போகிறது என்று கம்பியூட்டர் கணிக்கும். அந்தக் கம்பியில் ஒயில் படிந்து, ஒயிலில் தூசி ஒட்டினால் அது போர்வை போர்த்தியதுபோல ஆகிவிடும். கணக்குப் பிழைக்கும், எஞ்சின் தடுமாறும், டாஷ்போர்டில் மஞ்சள் லைட் எரியும்.

சரியான அளவு ஒயில் பூசி, ஊற விட்டு மாட்டிய பில்டரிலிருந்து ஒயில் பறந்து வருவது அரிது. பிரச்சினை வருவது அள்ளிப் பூசும்போது. "கொஞ்சம் கூடினா நல்லதுதானே" என்ற எண்ணம்தான் சென்சரைக் கெடுக்கிறது. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: ஒயில் காய்ந்துபோன பில்டரை அப்படியே ஓட்டுவது. அது சென்சரைத் தொடாது, ஆனால் ஊசித் துளைகளால் மணலை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். லைட் எதுவும் எரியாததால் இந்தத் தவறு முதலாவதைவிடக் கொடியது.

ஆகவே இங்கே நினைவில் வைக்கவேண்டியது, ஒயில் பூசிய பில்டர் நல்லதா கெட்டதா என்பது பூசும் கையைப் பொறுத்தது. உலர் பில்டரில் இந்தக் கேள்வியே எழாது.

கழுவுவதில்தான் எல்லாம் இருக்கிறது

சேர்விஸ் நிலையத்தில் எந்தப் பில்டரைக் கண்டாலும் கை போவது எயார் கன்னுக்குத்தான். "எயார் அடிச்சு விட்டிருக்கு, இன்னும் ஓடும்" என்பார்கள். அழுத்தக் காற்று பேப்பரிலும் பருத்தியிலும் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்களை உண்டாக்கும். நுண் தூசியை மறுபக்கத்துக்குத் தள்ளிவிடும். சுத்தமாகத் தெரியும் பில்டர் ஓட்டையாகித் திரும்பி வரும். அன்பாக, ஆனால் உறுதியாக, வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒயில் பூசிய பில்டரைக் கழுவும் முறை பொதுவாக இப்படி. அதற்கென்று விற்கும் கிளீனரை இரண்டு பக்கமும் அடித்து, காயவிடாமல் பத்து நிமிடம் ஊற வைக்கவேண்டும். பிறகு பைப்பைக் குறைவாகத் திறந்து, எஞ்சின் பக்கமாக இருந்த சுத்தமான முகத்திலிருந்து தண்ணீரை விடவேண்டும். தூசி வந்த வழியே வெளியே போகட்டும். மண்ணெண்ணெய், பெற்றோல் இரண்டும் கூடாது. ஓரத்து இறப்பரையும் பசையையும் அவை கரைத்துவிடும். தண்ணீரை மெல்ல உதறிவிட்டு நிழலில் காயவிடவேண்டும். நன்றாகக் காய்ந்தபின் ஒவ்வொரு மடிப்பின் முதுகிலும் ஒரே ஒரு தடவை ஒயிலை ஓடவிட்டு, இருபது நிமிடம் பொறுத்துப் பாருங்கள். ஒயிலில் சிவப்பு அல்லது நீலச் சாயம் சேர்த்திருப்பது இதற்காகத்தான்: வெள்ளையாக நிற்கும் இடத்தில் மட்டும் இன்னும் ஒரு சொட்டு. எஞ்சின் ஒயிலோ தேங்காயெண்ணெயோ பசை போல நிற்காது, வடியும். அவற்றைப் பூசவே வேண்டாம்.

உலர் பில்டருக்கு வேலை பாதிதான். மெல்லத் தட்டி, கம்பனி சொன்ன கிளீனரிலோ மென்மையான சவர்க்காரத் தண்ணீரிலோ அலசி, காயவிட்டால் முடிந்தது. கழுவவே கூடாத உலர் பில்டர்களும் விற்பனையில் இருப்பதால் பெட்டியிலுள்ள குறிப்பை வாசித்துவிடுங்கள்.

இந்தக் காயவிடும் இடத்தில்தான் கொழும்பு குறுக்கே நிற்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, ஒக்டோபர் நவம்பரில் அடைமழை, வருடம் முழுக்க ஈரக் காற்று. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் மாடி வீட்டு பல்கனியில் தோய்த்துப் போட்ட ஜீன்ஸ் காயவே இரண்டு நாள் எடுக்கும் காலத்தில், பல அடுக்குப் பருத்திப் பில்டர் ஒரு நாளில் காயும் என்று எதிர்பார்க்க முடியாது. வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் பஞ்சில் ஒயில் ஊறாது. திட்டுத் திட்டாக நிற்கும். அவசரத்துக்கு ஹெயார் டிரையரோ அடுப்போ பாவித்தால் பருத்தி சுருங்கும், இறப்பர் நெளியும். கழுவும் வேலையை ஜனவரி முதல் மார்ச் வரையான வெயில் மாதங்களில் வைத்துக்கொள்வது நல்லது.

யாருக்கு எது

கொழும்புக்குள் வேலைக்கும் பள்ளிக்கும் போய்வரும், வருடத்தில் 10,000 கிலோமீற்றர் ஓடும் காருக்கு நல்ல கம்பனியின் பேப்பர் பில்டரே போதும் என்பது என் முடிவு. கழுவிப் பாவிக்கும் பில்டரின் விலை பேப்பரைப்போல ஆறு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பேப்பரை வருடத்துக்கு ஒன்று மாற்றினாலும் போட்ட காசு திரும்ப ஆறு வருடமாகும். கிளீனர், ஒயில் வாங்கும் செலவு வேறு. கார் கையேடு வருடத்துக்கு ஒன்றைக்கூடக் கேட்காமல் இருக்கலாம்.

மாதம் ஒருமுறை வடக்கு கிழக்குக்கு ஓடுபவர்கள், வாடகைக்கு ஓட்டுபவர்கள், கேடிஎச் வான் வைத்திருப்பவர்கள் கதை வேறு. புழுதியில் நிறைய ஓடுவதால் பேப்பர் சீக்கிரம் அடைபடும். கழுவும் பில்டர் அங்கே கணக்குக்கு வரும். அவர்களுக்கு நான் சொல்வது உலர் வகை. கழுவும்போது தவறு செய்ய இடம் குறைவு, சென்சருக்கும் ஆபத்தில்லை, காரை வேறொருவர் கையில் கொடுத்துச் சேர்விஸ் செய்தாலும் பெரிதாகக் கெட்டுவிடாது.

ஒயில் வகை, தன் கையால் செய்பவருக்கு. பொறுமையாகக் கழுவி, நாள் பார்த்துக் காயவிட்டு, மடிப்பு மடிப்பாகப் பூசும் ஆர்வம் இருந்தால் அது நல்ல பில்டர்தான். பழைய காபரேற்றர் கார் வைத்துப் பராமரிப்பவர்களுக்குச் சென்சர் கவலையும் இல்லை.

எதைப் போட்டாலும் ஓரத்து இறப்பர் பெட்டியில் சுற்றிவரச் சரியாக அமர்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். போலிச் சரக்கில் முதலில் பிழைப்பது இந்த அளவுதான். ஆயிரம் கிலோமீற்றர் ஓடியபின் பெட்டியைத் திறந்து, பில்டருக்கு அப்பால் எஞ்சின் பக்கம் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் ஒருமுறை துடையுங்கள். துணியில் ஒன்றும் வரக்கூடாது. பிசுபிசுப்பு வந்தால் ஒயில் கூடிவிட்டது. விரல்களுக்கிடையே நறநறக்கும் சாம்பல் தூள் வந்தால் பில்டரோ அதன் ஓரமோ தூசியை விடுகிறது; அதை அன்றைக்கே கழற்றிவிட்டுப் பேப்பரைப் போடுங்கள். இதற்காகவும், கழுவியது காயும் நாட்களுக்காகவும், பிரிக்காத பேப்பர் பில்டர் ஒன்று எப்போதும் டிக்கியில் இருக்கட்டும்.